ஆரம்பம் பார்க்காத படம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தன் பிள்ளைகள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வந்தது ஒரு கறுப்புத் திரையைப் பற்றி. சங்கரன்கோவில் தியேட்டர் ஒன்றில் பெண்கள் பக்கத்து வாசலில் தொங்கிய திரை அது. அதற்கு வெளியே நின்று டிக்கெட் கிழிப்பதுதான் பல வருஷம் என் வேலை.

குருவிகுளம் பஸ் நேரத்துக்கு வந்ததே கிடையாது. படம் தொடங்கிய பிறகுதான் பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு நான் திரையை விலக்கிப் போவதற்குள் கதை எங்கேயோ போயிருக்கும். எந்தப் படத்துக்கும் ஆரம்பம் எனக்குக் கிடைத்ததில்லை. இடைவேளையில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அண்ணாச்சி டீ குடிக்க இறங்கி வருவார். அவரிடம் கேட்பேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

ஒரு சமயம் என் வீட்டுக்காரர் லாரியில் ஜவுளி ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். ஒரு மாதம் தாண்டியும் தகவல் இல்லை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்து ஒருத்தரும் 'ஐயோ பாவம்' சொல்லிவிடக் கூடாது. மறுநாள் பிள்ளைகளோடு மேலநீலிதநல்லூரில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று மூட்டையும் கட்டி வைத்தாயிற்று. அன்றைக்கு ஒரு சண்டைப் படம். கதாநாயகன் யாரையோ தேடி ஊர் ஊராக அலைகிறான், ஏன் என்று புரியவில்லை.

"தகப்பன் லாரி எடுத்துட்டுப் போனவன் திரும்பல தங்கச்சி. மவன் தேடுதான்," என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் நெருப்புக்கு நடுவே அவன் ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்து அழுதான்; விசில் சத்தத்தில் வசனம் காதில் விழவில்லை. தகப்பன் கிடைத்துவிட்டான் என்று நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தேன். பங்குனியில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கால் ஒடிந்து ஏதோ ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

போன வாரம் பேத்தி அதே படத்தின் ஆரம்பத்தைப் போனில் ஓட்டினாள். பெயரைச் சொன்னதும் நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதை நம்மைப் பிடிக்கிற விதத்தை ஐந்து குறியீடாகப் பிரித்து அவள் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். லாரியில் பூட்டிய பெட்டி, கேள்வியைப் போட்டு விடையை ஒளிப்பது. டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினால் அடுத்து அடி விழும், அது செயல். வில்லனின் வெள்ளை ஷூவில் சேறு ஒட்டாதது ஆளின் குணம். மழையும் நெருப்பும் எதிரும் புதிரும். டிரைவர் கிளம்பும்போது மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது, நம் ஜனங்களுக்குத் தெரிந்ததை நம்பி வைத்தது. அந்தத் தாலியைப் பார்த்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேனே, அது கேள்வியா, செயலா, ஊர் வழக்கமா? கேட்டேன்.

அதற்குள் பாலத்தில் லாரியை மறித்து டிரைவரை வெட்டிவிட்டார்கள். மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"ஏட்டி, தகப்பன் செத்துட்டானே. அப்போ கடைசியில கட்டிப்பிடிக்கது யாரு?"

"அது சித்தப்பா, ஆச்சி. அவரைத்தான் தேடுதான்."

"சித்தப்பனுக்கா நான் அந்த அழுகை அழுதேன்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி ஏன் அப்படிச் சொன்னார்? முதல் ரீல் ஓடும்போதே அடுத்ததை மெஷினில் மாட்ட வேண்டும். அவரும் சரியாகப் பார்க்கவில்லையோ? பார்த்திருந்தால் சாவை ஏன் மறைத்தார்? என் வீட்டு விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தால், என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. ஆனால் அவர் உள்ளதைச் சொல்லியிருந்தால் மூட்டை அவிழ்ந்திருக்காது. ஒடிந்த காலோடு வந்தவர் பூட்டிய வீட்டு முன்னால் நின்றிருப்பார். கோபப்படவா, கும்பிடவா, தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இதுதான் ஆச்சி அந்த முதல் குறியீடு. கேள்வியைப் போட்டுட்டு விடையை ஒளிக்கது," என்கிறாள் பேத்தி.

"படத்துல கடைசியிலயாவது சொல்லிருவானேட்டி."

இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கறுப்புத் திரைதான் தெரிகிறது. உள்ளே படம் ஓடும் சத்தம் கேட்கிறது, நான் வெளியே நிற்கிறேன்.

போதும் மக்கா, எழுதினத வாசி. பாதியில இருந்து வேண்டாம். ஆரம்பத்துல இருந்து வாசி.