கோடு இல்லாத வயர்

பழைய சாமான் பெட்டியைக் கிளறியபோது முழ நீளத்தில் ஒரு துண்டு வெள்ளை வயர் கையில் அகப்பட்டது. இரட்டை வயர், இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எழுபதுகளின் கடைசியில், இந்த வயரைக் கொண்டுதான் என் அண்ணியைப் பத்து நாள் அழவைத்தேன்.

அப்போது அண்ணன் குவைத்தில் வேலை செய்தார். அண்ணி இரண்டு பிள்ளைகளோடு புளியங்கூடலில் இருந்தார். ஊர்காவற்றுறையில் கந்தோர் உத்தியோகம் பார்த்த எனக்கு இரவுச் சாப்பாடு அண்ணியின் கையால்தான். அண்ணன் கடிதம் எழுதமாட்டார், கசெற்றில் பேசி யாராவது வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார். கேட்டு முடித்ததும் அண்ணி அதே கசெற்றில் அவர் குரலுக்கு மேலேயே தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். அங்கே அண்ணன் அதை அழித்துப் பேசுவார். இப்படி ஒருவர் குரலை ஒருவர் அழித்தபடி ஒரே கசெற் நான்கு வருடமாகப் போய்வந்தது. அண்ணியின் பதிலில் பிள்ளைகளின் காய்ச்சல் இருக்கும், கிணற்றுத் தண்ணீர் இருக்கும், வேலி அடைத்த கதை இருக்கும். “நாங்கள் எல்லாரும் நல்ல சுகம்” என்று முடித்துவிடுவார். தன்னைப் பற்றி ஒரு சொல் வராது. அவருடைய சுபாவம் அது.

அண்ணன் அனுப்பிய கசெற் செற்றுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். கடற்காற்று எங்கள் ஊரில் எதைத்தான் விட்டது? ஒருநாள் ஒரு பெட்டி கரகரத்தது. பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே தலைமயிர் மாதிரி மெல்லிய வயர், பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் முறிந்தது. இரண்டு பெட்டிக்கும் நல்ல வயராகப் போடுவோம் என்று யாழ்ப்பாணத்துக்குப் போனேன். கடைக்காரர் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடிய வயர் ஒன்றை எடுத்து வைத்தார்.

“தம்பி, இதை எடும். வயரின்ரை ரெண்டு காலிலை எது எங்கை போகுதெண்டு கோடு காட்டும்.”

“எனக்குக் கோடு தேவையில்லை அண்ணை. செம்பு மொத்தமாய் இருந்தால் காணும்” என்றேன். நாலு புத்தகம் படித்த திமிர். கோடில்லாத, தடித்த வெள்ளை வயரோடு வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. சிரட்டைக் கரியில் பற்றுக்கோலைச் சூடாக்கி, வயர் நுனியைச் சுரண்டி ஈயம் பூசி, ஸ்பீக்கரின் பித்தளைக் காதுகளில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஈயம் வெள்ளிபோல ஓடிப் பிடித்தது. ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தேன், கரகரப்பே இல்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

அடுத்த கிழமை அண்ணனின் கசெற் வந்தது. அண்ணி வழக்கம்போல இரண்டு பெட்டிக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்தார். அண்ணனின் குரல் வந்தது. ஆனால் அடித்தொண்டை இல்லாமல், மெலிந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் வந்தது. அண்ணியின் முகம் கறுத்தது.

“தம்பி, இவருக்கு நெஞ்சிலை என்னவோ செய்யுது. குரலிலை பலமே இல்லை. எங்களுக்கு ஒளிக்கிறார்.”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். “புது வயர் அண்ணி. உள்ளதை உள்ளபடி காட்டும்” என்றேன். பழைய வயர் இவ்வளவு காலமும் அவருடைய நெஞ்சு வருத்தத்தை மறைத்துவிட்டது என்று அண்ணி எடுத்துக்கொண்டார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அன்றே பதிலைப் பதிந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மறுநாளே குவைத்துக்குப் போகும் ஒருவரிடம் கசெற்றைச் சேர்ப்பித்தார். அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் அழுதார்.

பத்தாம் நாள், பிள்ளைகள் முன்பு பேசிப் பதிந்து வைத்திருந்த பழைய கசெற் ஒன்றைப் போட்டேன். அவர்களின் குரலும் அதேபோல ஆவியாய் வந்தது. அப்போதுதான் பிழை பெட்டியில் என்று விளங்கியது. ஒரு பெட்டியின் வயரைக் கழற்றினேன். மற்றதில் குரல் நிறைந்து வந்தது. பின்பலகையைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு பெட்டியில் மட்டும், சிவப்புப் பொட்டு வைத்த காதுக்குப் போகவேண்டிய வயர்க் காலை மற்றக் காதில் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ள, மற்றது பின்னே இழுத்து, நடுவில் இருந்தவருக்குக் குரலை விழுங்கிவிட்டன.

அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, “அப்ப அவருக்கு ஒண்டுமில்லையோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “ஐயோ, நான் என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்” என்று முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணி அனுப்பிய கசெற்றுக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் மாதம் அண்ணனே லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ஆள் முன்னையைவிடக் கொழுத்திருந்தார். சாப்பிட்டபின் நான் தலையைக் குனிந்துகொண்டு என் பிழையைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய், பயணப் பையிலிருந்து அண்ணி கண் சிவக்கப் பதிந்த அந்தக் கசெற்றை எடுத்துவந்து என் கையில் தந்தார். அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் பற்களும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கசெற்றில் பிறகு எதுவும் பதியாது.

“இனி இதுக்கு மேலை ஒருத்தரும் கதைக்க ஏலாது, நான் உட்பட” என்றார் அண்ணன்.

அண்ணி சட்டென்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அந்தக் கசெற்றை நான் திருப்பிக் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.