அடைகல்லை மாற்றிவிட்டார்கள்

என் மச்சினன் என்னுடைய அடைகல்லைத் திருடி விற்றுவிட்டு, அதே அளவில் ஒரு மட்டமான வார்ப்பிரும்புக் கட்டையை அந்த இடத்தில் வைத்துவிட்டான் என்று ஒரு வாரம் முழுசாக நம்பினேன். அடைகல் என்றால், காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கும் கனத்த இரும்புப் பீடம். எங்களுடையதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதை ஒருத்தனாகத் தூக்கி, ஸ்கூட்டியில் வைத்து, ஜங்ஷன் ரோட்டில் யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோனான் என்று நம்புவதற்குத் தனி மூளை வேண்டும். எனக்கு அது இருந்தது.

இதில் ஊருக்கும் பாதிப் பங்கு உண்டு. விருத்தாசலத்தில் பீங்கானோடு வளர்ந்தவர்கள் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டோம். நான் வாலிபம் முழுக்க ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ஜாடியைக் கையில் எடுப்போம், சின்னக் குச்சியால் ஒரு தட்டு. ‘கிண்’ என்றால் நல்ல ஜாடி. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரிசல்தான். எங்கள் ஊர்க்காரன் பெண் பார்க்கப் போன வீட்டிலும் டீ கப்பை ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் வாயில் வைப்பான். நானும் சுண்டியிருக்கிறேன். அது ‘டொக்’ என்றது. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

கம்பெனியை மூடிய பிறகு மனைவியின் தம்பியோடு சேர்ந்து பட்டறை போட்டேன். அவன் ஐடிஐயில் வெல்டிங் படித்தவன், பேச்சு குறைவு, வேலை சுத்தம். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து விவசாயிகள் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை என்று கொண்டுவந்து போடுவார்கள். சூட்டோடு தட்டி நிமிர்த்தி, முனை வைத்துக் கொடுப்போம். வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைப்பது என் இலாகா, மற்றதெல்லாம் அவன்.

எங்கள் அடைகல் நல்ல ஜாதி. மேலே கண்ணாடி மாதிரி சமதளம். ஒரு பக்கம் வளைவு வேலைக்குக் கூம்பாக நீளும் மூக்கு, மறுபக்கம் சதுர ஓட்டை போட்ட வால். ஒரு தட்டு தட்டினால் தெருமுனை டீக்கடையில் ஆற்றுகிற டீ நடுங்கும்.

வேப்பூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி, மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். அடைகல் ‘டொப்’ என்றது. அரிசி மூட்டையை அடித்த மாதிரி. மச்சினனைப் பார்த்தேன். அவன் குனிந்து குறடைத் துடைத்துக்கொண்டிருந்தான். குற்றம் செய்தவன்தான் குறடைத் துடைப்பான் என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டுவிட்டது.

துப்பறியத் தொடங்கினேன். பழைய அடைகல்லின் ஓரத்தில், நான் உளியைத் தவறவிட்டதில் விழுந்த ஒரு பள்ளம் உண்டு. தடவிப் பார்த்தேன், பள்ளம் இருந்தது. பயல் பள்ளத்தைக்கூட அச்சு அசலாகச் செய்திருக்கிறானே என்று வியந்தேன். அடுத்து குண்டுச் சோதனை. பேரிங்கிலிருந்து கழற்றிய எஃகுக் குண்டை ஒரு முழ உயரத்திலிருந்து விட்டால், நல்ல அடைகல் அதை எகிறடித்துத் திருப்பி அனுப்பும். மட்டமான வார்ப்பு அப்படியே விழுங்கிவிடும். விட்டேன். குண்டு துள்ளிக் கைக்கே வந்தது. சரி, குண்டையும் மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ‘டொப்’ என்றால் விரிசல். விரிசல் விட்ட இரும்பு என்றைக்காவது தெறித்துக் கண்ணைப் பிடுங்கும். அதனால் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். மண்வெட்டி வாங்க வந்த ஒருவர், எந்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன் என்று விசாரித்தார்.

வீட்டிலும் காற்று சரியில்லை. மனைவியும் மச்சினனும் சமையலறையில் நின்று பேசுவார்கள். வாய் அசையும், சத்தம் வராது. நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். குக்கர் விசில்கூட வருவதில்லை. கேட்டால் எப்பவோ வந்துவிட்டது என்கிறாள். விசில் வராத குக்கரில் வெந்த சோற்றை இரண்டு பேர் மேலும் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே தின்றேன். அக்காளும் தம்பியும் கூட்டு என்பது தெளிவாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அவன் போனால் வெல்டிங் போகும், பாதி வாடிக்கை போகும், மனைவி என்னோடு பேசுவதும் போகும். இத்தனையும் தெரிந்துதான் முடிவு செய்தேன். கோபம் அப்படி. ஆனால் சாவியைக் கேட்பதற்கு முன்னால் அவன் மறுக்க முடியாத சாட்சி ஒன்று வேண்டுமே. மதியம் அவன் வெளியே கரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, பெரிய சம்மட்டியை ஓங்கி வெறும் அடைகல்லின் விளிம்பில் போட்டேன்.

எங்கள் பட்டறைச் சுவரில் ஒரே ஒரு வாசகம்தான் உண்டு: வெறும் அடைகல்லில் அடிக்காதே. நடுவில் காய்ச்சிய இரும்பு இருந்தால் அது அடியை வாங்கிக்கொள்ளும். எஃகும் எஃகும் நேராக மோதினால் சில்லு பறக்கும். பறந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் மூக்குக்கு நேராக ‘டக்’ என்று பட்டு, வெள்ளையாக ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனது.

மச்சினன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். முதலில் என் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கண்ணையும் பார்த்தான்.

“செவுத்துல எழுதினது வர்றவங்களுக்கு இல்ல மாமா. உங்களுக்குத்தான்” என்றான்.

“என் கல்லு எங்கடா?”

“எந்தக் கல்லு?”

“கிண்ணுன்னு கேக்குமே, அந்தக் கல்லு. எந்தப் பழைய இரும்புக் கடையில இருக்குது?”

அவன் குந்தி உட்கார்ந்து, அடைகல்லின் வால் பக்கத்துக்கு அடியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ பிடுங்கினான். கருப்பாக, அதிரசம் அளவில் ஒரு வட்டம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். அதை ஓரமாக வைத்துவிட்டு, சின்னச் சுத்தியால் அடைகல்லை லேசாகத் தட்டினான். கிண்.

“காந்தத்த ஒட்டுனா கல்லு அதிராது, சத்தம் அடங்கிடும். அக்காதான் உங்க காதுக்கு எதுனா செய்யின்னு அழுதிச்சு. சத்தம் போவாம காதுல மாட்டுறது வாங்கியாந்து குடுத்தா, அத்த மாட்டிக்கினு டீக்கடையில பைலட்டுன்னு ஆடிக் காட்டுறீங்க. உங்க வாயத்தான் அடைக்க முடியல. கல்லு வாயயாவது அடைப்பம்னு பாத்தோம்.”

ஆடியது உண்மைதான். டீக்கடையில் நல்ல வரவேற்பு.

அவன் இன்னொரு முறை தட்டினான். “கேக்குதா?” என்றான்.

கேட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ தட்டுவது போலக் கேட்டது. அப்போதுதான் குக்கர் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை மனைவி என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் சும்மா உட்கார்ந்துகொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. சோதனை ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது.

இடது காதில் மெல்லிய சத்தங்கள் விழுவதில்லை, வலதில் பாதி விழுகிறது. பல வருஷம் காதை மூடாமல் சம்மட்டி அடித்ததால் வந்தது, போனது திரும்பி வராது என்றார் டாக்டர். அடைகல்லை யாரும் மாற்றவில்லை. குக்கரில் விசில் வந்துகொண்டுதான் இருந்தது. சமையலறையில் அவர்கள் இரண்டு பேரும் எப்போதும் பேசுகிற சத்தத்தில்தான் பேசியிருக்கிறார்கள்.