கண் அசந்த நேரம்

அரசுப் பல்கலைக்கழகத்தில் மனநலமும் சமூக நலப்பணியும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னபோது, "அடுத்தவங்க பேசறதைக் கேக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்றுதான் அம்மா கேட்டாள். அம்மாவும் அவளும் விடியற்காலையில் வேலைக்குப் போகும் சலவைக்கூடத்திலும் இதே பேச்சுத்தான். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்த பிறகு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி மடிக்க வேண்டும். பக்கத்து மேசையில் மடிக்கிற அக்கா அவளுக்கு 'மனசு டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரர் ரெண்டு நாளா எங்கூடப் பேசல. என்ன பண்ணலாம்?"

"நீங்க சந்தோஷமா இருக்கீங்களாக்கா?"

"ரொம்ப."

"அப்ப விட்டுடுங்க."

சிரிப்புக்குக் குறைவில்லை. தூக்கத்துக்குத்தான் குறைவு. மடித்து முடித்து, குளித்து, பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடித் திறந்து வகுப்புக்குப் போவாள். மதியத்துக்கு மேல் மனநல மையத்தில் களப்பயிற்சி. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். சோர்வாக இருக்கிறது என்றால், "உட்கார்ந்து படிக்கறதுல என்னடி சோர்வு?" என்பாள் அம்மா. ஊரார் துக்கத்தைக் கேட்கப் படிக்கிறோமே, முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவிடம் எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டோமா என்று தன்னையே குடைந்துகொள்வாள். கேட்பதற்குள் தூங்கிப்போவாள்.

மையத்தில் அவள் பொறுப்பில் விட்டிருந்தது ஒரு பேருந்து ஓட்டுநரை. பயணிகளோடு போய்ச் சாலையோரச் சுவரில் மோதிவிட்டார். யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்றதற்கு மேல் வாயையும் திறக்கவில்லை. வாரந்தவறாமல் வருவார். ஸ்டீயரிங்கைப் பிடித்தது போலக் கைகளை மேசைமேல் வளைத்து வைத்துக்கொள்வார்.

"எப்படி இருக்கீங்கய்யா?"

"இருக்கேன்."

அத்தோடு சரி.

பயிற்சியைக் கவனிக்கும் பேராசிரியை அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வாரமும் அவர் பேசலைன்னா வேற ஆள்கிட்ட மாத்திடுவேன். உன் பயிற்சி முடிஞ்சதா கையெழுத்தும் போட முடியாது. அடுத்த வருஷம் மறுபடியும் முதல்லேர்ந்துதான்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "கேள்வியா கேட்டுத் துளைக்காதே. சும்மா இருக்கறவரை சும்மா இருக்க விடு. நீயும் கூட இரு," என்றார்.

இன்னொரு வருஷம் என்றால் இன்னொரு வருஷத்து விரிப்புகள். நினைக்கும்போதே தோள் வலித்தது.

அந்த வாரம் ஓட்டுநர் வந்தார், உட்கார்ந்தார், "இருக்கேன்" என்றார். அவள் கேள்வி கேட்கவில்லை. ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தது. மின்விசிறியின் சத்தம், சலவைக்கூடத்தில் துணி காயவைக்கும் இயந்திரத்தின் சத்தம் போலவே இருந்தது. அன்று காலை அங்கே ஆள் குறைவு. அவளும் அம்மாவும் நாலு பேர் வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

திடுக்கிட்டுக் கண் விழித்தபோது முகத்தில் வெயில் இல்லை. யாரோ ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். ஓட்டுநர் தம் இடத்திலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கய்யா, நான் வந்து..."

"தூங்கிட்டே," என்றார் அவர். "முதல்ல இமை கனக்கும். முழிச்சிட்டுத்தான் இருக்கோம்னு நெனப்போம். ரோடு தெரியற மாதிரியேகூட இருக்கும்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிரேக் பிடிக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொண்டாட்டிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். பிரேக் நல்லாத்தாம்மா இருந்துச்சு. பின்னாடி அத்தனை பேரு உட்கார்ந்திருந்தாங்க." கைகள் மேசையிலிருந்து மடிக்கு இறங்கின. "இப்ப வீட்ல படுத்தாக்கூடக் கண்ணை மூட பயமா இருக்கு."

அவர் போனதும் பேராசிரியை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பேசினேன்னு அவரே சொல்லிட்டுப் போறார். நான் சொன்ன மாதிரி சும்மா இருந்தியா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அதில் பொய்கூட இல்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்வதும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"தூங்கிட்டேன் மேடம்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பும் கூடவே கழன்றது. "காலையில எங்கயாவது வேலைக்குப் போறியா?"

"சலவைக்கூடத்துக்கு."

"விட முடியாதா?"

"விரிப்புக்கு ரெண்டு பக்கம் மேடம். அம்மா ஒரு பக்கம்தான் பிடிக்க முடியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு நடந்ததைப் பயிற்சியில சேர்த்துக்க முடியாது. லீவுல வந்து இந்த ஒரு நாளை மறுபடியும் செய், கையெழுத்துப் போடறேன். அவர் உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா நானும் கூட உட்காருவேன்," என்றார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்: "இன்னிக்கு என்னத்தைப் படிச்சே?"

"தூங்கினேம்மா."

"அதுக்கு ரெண்டு பஸ்சு மாறிப் போகணுமா? வீட்லயே பாய் இருக்கே."

அடுத்த வாரம் ஓட்டுநர் வந்தபோது பேராசிரியை மூலையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அவள் முகத்தைப் பார்த்தார்.

"தூங்கினியா?"

"கொஞ்சம். நீங்கய்யா?"

"நானும் கொஞ்சம்," என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.