நாற்றம் நின்ற நேரம்

அழுகிய முட்டையிலிருந்து வருமே ஒரு நாற்றம், அது மூக்கில் ஏறினால் எனக்கு எங்கள் மேடத்தின் ஞாபகம்தான் வரும். சொன்னால் அடிக்க வருவார். சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய கழிவுநீரேற்று நிலையத்தில் அவர் ஜூனியர் இன்ஜினியர், நான் பம்ப் ஆபரேட்டர். ஏரியா சாக்கடை மொத்தமும் எங்கள் கிணற்றில் வந்து விழும். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள வேண்டும். முடியாமல் போனால் மதகைத் திறந்து ஆற்றில் விடுவதுதான் ஒரே வழி. மதகுச் சாவியை மேடம் தன் கைப்பையிலேயே வைத்திருந்தார். "ஆத்துல விடுறதுக்கா நமக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்பார்.

கிணற்றுக்குள், சாக்கடை வந்து விழும் வாயில், குப்பையைத் தடுக்கும் கம்பி வரைக்கும் ஓர் இரும்பு ஏணி உண்டு. வேறு வழியில்லாமல் யாராவது இறங்கினால் இடுப்பில் கயிறு கட்டி, அதைப் பிடிக்க ஆட்களை நிறுத்தி, மேலே மேடமே நின்றுகொள்வார். "என்ன வருது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "நாத்தம் வருது மேடம்" என்று நாங்கள் கத்த வேண்டும். இந்தக் கூத்தை டீக்கடையில் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு மழைநாள் காலையில் துணிமூட்டை ஒன்று கம்பியை அடைத்துக்கொண்டது. எந்திரக் கொக்கிக்கு அது மசியவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மேடம் விஷவாயு மீட்டரை இறக்கிப் பார்த்தார், அது கத்தவில்லை. மேடம் சாந்தோம்காரர், சிலுவை போட்டுக்கொண்டுதான் என்னை இறக்கினார். நான் துணியைப் பிடித்து இழுத்ததும் அடியில் கிடந்த சகதி புரண்டது. நாற்றம் குப்பென்று அடித்து, சட்டென்று நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தது.

"என்ன வருது?"

"ஒண்ணியும் வரல மேடம். இப்ப நல்லா கீது."

மேலேயிருந்து வந்தது அலறல். "இழுங்க அவன! இழுங்க!"

அந்த விஷவாயு முதலில் மூக்கைச் சாகடிக்கும், அப்புறம்தான் ஆளை. எத்தனையோ முறை அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஏணியைப் பிடிக்கப் போனேன், கை வரவில்லை. கத்த நினைத்தேன், வாய் வரவில்லை. செத்துப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அப்படியொரு பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

கண் விழித்தபோது சேற்றில் கிடந்தேன். மேடம் என் முகத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "நாத்தம் வருதாப்பா? சொல்லு, வருதா?"

"வருது மேடம்" என்றதும் ஓவென்று அழுதார்.

கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர், மிச்சத் துணியை எடுக்கத் தான் இறங்குவதாகச் சொன்னார். "ஒருத்தரும் இறங்க வேணாம்" என்று மேடம் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். மதகை அவரே திறந்தார். கறுப்புத் தண்ணீர் ஆற்றில் விழுந்ததைப் பார்த்தபடி மழையிலேயே நின்றார்.

மறுநாள், ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா செத்த மீன்களைக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார். "யாரு தொறந்தது?"

"நான்தான்."

"எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியேம்மா!"

மேடம் தலை குனிந்து நின்றார். அந்த மீன்களுக்குப் பக்கத்தில்தான் நான் உயிரோடு நின்றிருந்தேன். என்னைக் காரணம் காட்ட அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இன்றும் சைதாப்பேட்டைப் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கிறேன். எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், நான் இழுத்து மூச்சு விடுவேன். சில நாள் காற்று திசை மாறிவிடும். "இன்னிக்கு நாத்தமே இல்ல, நல்லா கீது" என்பார் பக்கத்தில் நிற்பவர். நான் பஸ் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அந்த நாற்றம் திரும்ப வந்து மூக்கில் அறையும்வரை கம்பியை விடமாட்டேன்.