பின் சக்கரத்துக்கு வைத்த கல்

எங்கள் பிக்கப்புக்கு ஹேண்ட் பிரேக் நான்தான். எட்டு வயதில் அதனால் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் சமதரை என்று ஒரு முழம்கூடக் கிடையாது. மழையிலும் பனியிலும் ஹேண்ட் பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகிக்கொள்ளும் என்று அங்கே வண்டி வைத்திருப்பவர்கள் அதைத் தொடுவதே இல்லை. கியரில் போட்டுவிட்டுப் பின் சக்கரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். அப்பா மரக்கறி ஏற்றும் பழைய பிக்கப்பை நிறுத்தியதும் நான் கல்லோடு குதிப்பேன். "வச்சிட்டேம்ப்பா!" என்று நான் கத்திய பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

அம்மா அப்போது நிறைமாதம். என்னைப் பெறுவதற்குள் பட்ட பாடு போதுமென்று, இந்த முறை ஆபரேஷன் என்று முடிவாகி, திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ரோட்டுக்கு ஆட்டோக்காரர்கள்கூட வரமாட்டார்கள். பிக்கப்தான் கதி. சனிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வழியில் அதுவும் காலை வாரியது. இறக்கத்தில் அப்பா பிரேக்கை மிதிக்க, மிதி அடிவரை போய்விட்டது. இன்னொருமுறை மிதித்த பிறகுதான் பிடித்தது. எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு தேயிலைச் செடிகள்தான் இருந்தன. அப்பாவின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பிரேக் ஆயிலை மாற்றினார், குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டார். ம்ஹூம். முதல் மிதிக்கு அடிவரை போகும், இரண்டாவது மிதிக்குப் பிடிக்கும். அம்மா வாசற்படியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து, "நடந்தே போயிருவோங்க," என்றாள்.

ஞாயிறு காலை, ஹட்டனில் கராஜ் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேராகப் பின் சக்கரத்தைக் கழற்றி, அதற்குள்ளிருந்த பிரேக் டிரம்மை உருவினார். பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகிக் கிடந்தது. அதை நெருக்கிக் கொடுக்க வேண்டிய சின்னப் பல்சக்கரம் ஒரு பல்கூட நகராமல் துருவேறியிருந்தது.

"மச்சான், நீங்க ஹேண்ட் பிரேக் இழுக்கிறதே இல்லையா?"

நான் கல்லோடு பக்கத்தில்தான் நின்றேன். பெருமையாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார். "என் சோம்பேறித்தனந்தான் மாப்ள. உடம்பு வணங்கல."

மாமா என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அப்புறம் ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்தார். எனக்கோ ஆச்சரியம். விடியுமுன் எழும்பி மூட்டை ஏற்றுகிற மனுஷன் சோம்பேறியா?

மாமா பல்சக்கரத்தைத் துடைத்து, ஸ்குரூ டிரைவரால் பல் பல்லாகத் தள்ளினார். டிரம்மை மாட்டிச் சுழற்றிப் பார்ப்பார், கழற்றி மறுபடி தள்ளுவார். ஷூ லேசாக உரசுகிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்ட பிறகு அப்பா ஏறி மிதித்தார். முதல் மிதியிலேயே பிடித்தது. அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அம்மாவை ஏற்றியதும் நான் வழக்கம்போல் கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனேன். அப்பா அதை வாங்கி வேலியோரம் போட்டார். "இனிமே கல்லு வேணாம் பாப்பா. நான் ஹேண்ட் பிரேக்கே போட்டுக்கிறேன்."

என் வேலையைப் பிடுங்கிவிட்டாராம்! கோபத்தில் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா கூப்பிட்டாள். அப்பா ஹாரன் அடித்தார். நான் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அம்மா ஒரு வாரத்தில் தம்பியோடு நல்லபடியாகத் திரும்பி வந்தாள். வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் என் கணவரின் பழைய பிக்கப்புக்கும் அதே கோளாறு வந்தது. இந்த மாதிரி வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுக்க இழுக்கத்தான் அந்தப் பல்சக்கரம் நகரும், இழுக்காமலே விட்டால் ஷூ தேயத் தேய மிதி இறங்கிக்கொண்டே போகும் என்றார் கராஜ்காரர். வயிற்றுப் பிள்ளையோடு அம்மாவைப் பள்ளத்தின் ஓரம்வரை கொண்டுபோனது நான் ஓடியோடி வைத்த கல்.

அப்பா அதைக் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அப்பா இல்லை. மாமாவிடம் அவர் பொய் சொன்னது மட்டும் அன்று எனக்குப் புரிந்தது. யாருக்காகச் சொன்னார் என்று தெரியாமல், அவர் வாசலில் ஹாரன் அடித்து அடித்துக் காத்திருந்தபோது, நான் கதவைத் திறக்கவே இல்லை.