ராஜம் சித்தியின் இரண்டு ஸ்கேன் படங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டிச் சொல்வது ராஜம் சித்திக்குப் பிடிக்காது என்பது, அவரோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த உங்களுக்கும் தெரியும். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. சித்தி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டதாக அம்மா சொன்னார்.

சித்திக்கு மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த மறு வருடம் மதுரையில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். நோய் திரும்பியதற்கான அடையாளம் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. சித்தப்பா அதை நோயே இல்லை என்று தெருவில் சொல்லிவிட்டார். கல்யாண ஆல்பம் போல அந்தப் படம் வீடு வீடாகப் போய்வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நோய் போனால் பாபநாசத்தில் குளித்து மீனுக்குப் பொரி போடுவதாகச் சித்தப்பா நேர்ந்திருந்தார். சித்தியும் வந்து பொரி போட்டார். ஆனால், நோய் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"வெளியூருக்கு டிரங்க் கால் போட்டு லைன் கிடைக்கலன்னா அந்த ஊர்ல ஆளே இல்லன்னா அர்த்தம்? நான் எப்படிச் சொல்லுவேன்?"

"படிச்ச டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதாக்கும்" என்றார் சித்தப்பா.

மழைக்காலத்தில் சித்திக்கு இடது கை வலித்தது. சொன்னபோதெல்லாம் வீட்டில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். துணி பிழிந்ததால் இருக்கும் என்றார் அம்மா. சித்தி லீவு போட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். புதியதில் அக்குள் பக்கம் ஏதோ தடிப்பு தெரிந்தது. ஆபரேஷன் தழும்பும் இப்படித்தான் இருக்கும், நோயும் இப்படித்தான் இருக்கும், எதுவென்று படம் சொல்லாது என்றார். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாமாம். நோயென்றால் அது முதல் படம் எடுக்கும்போதே இருந்திருக்குமா என்று சித்தி கேட்டார். இருந்திருக்கலாம், அவ்வளவு சிறியது எந்தப் படத்திலும் அகப்படாது என்று பதில் வந்தது.

சித்தி அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியாட்டி? எனக்கு வலிக்கு. அது பொய் இல்ல. வீட்ல போய் இத அப்படியே சொல்லு."

பிறகு, காத்திருக்க வேண்டாம், இப்போதே ஊசியால் சதை எடுத்துப் பாருங்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். அந்தச் சோதனையில் நோய்தான் என்று வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் வீட்டில் அப்படியே சொன்னேன். சித்தப்பா பழைய படத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தார். அதற்குப் பின் சித்தி வலி என்றால், எங்கே என்று மட்டும்தான் கேட்பார்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அன்று மதுரையில் சித்தி அந்த இரண்டு படங்களையும் பார்த்த விதம். கோபமில்லாமல், அவசரமில்லாமல், மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு பெட்டியின் விளக்குகளை அணைத்தார்.