பெயர் கொடுக்காத நவம்பர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, மழையில் நனைந்திருந்த விறகை அடுப்பைச் சுற்றி அடுக்கியதுதான். அது காய்வதற்குள், பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அந்த ஊர்க் கோயில் உபதேசியார் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “லூர்தம்மா டீச்சர் நேத்து சாயங்காலம் போயிட்டாங்கம்மா. பதினோரு நாள் காய்ச்சல்” என்றார். அவளுக்குக் காய்ச்சல் என்பதே எனக்குத் தெரியாது. ஏன் தெரியாமல் போயிற்று என்பதை, அவளை அறிந்த உங்களிடம் நான் சொல்லியாக வேண்டும்.

அரியலூரில் நாங்கள் இருவரும் எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் பாடம் நடத்தினோம். அவள் கணவர் அந்தோணிசாமி ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கிருந்தவர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். அவர் வரவில்லை. என் மகன் தாஸ் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனிடமிருந்தும் கடிதம் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுப்பது வழக்கம். நவம்பர் முழுவதும் பூசையில் அந்தப் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். பட்டியல் எழுதுவது லூர்தம்மாள்தான். “நம்மூரு உபதேசியார் எழுத்தைப் படிக்கணும்னா மோட்சத்துச் சம்மனசுக்கே கண்ணாடி வேணும்” என்று சொல்லித் தாளை வாங்கிக்கொள்வாள். ஊரார் பெயரையெல்லாம் எழுதுவாள். தன் கணவர் பெயரை எழுத மாட்டாள். நானும் தாஸ் பெயரைக் கொடுக்க மாட்டேன். ஆண்டவர் வாக்கு மாறாதவர், கொண்டுவந்து சேர்ப்பார், பெயர் கொடுத்தால் அவரைச் சந்தேகித்ததாகும் என்று இருவரும் பேசிவைத்திருந்தோம். அப்படியே மூன்று நவம்பர்கள் போயின.

தாலியைக் கழற்றச் சொல்லி அவள் நாத்தனார் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ரேஷன் அரிசியில் நாங்கள் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், உயிரோடு இருந்தாலும் ரங்கூனில் அவனுக்கு இன்னொரு வூடு இருக்கும் என்றார். லூர்தம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், “இருந்தா அங்கயாவது அவருக்கு வேளாவேளைக்குச் சோறு கெடைக்கட்டும் அண்ணி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு வெகுநேரம், கல்லே இல்லாத அரிசியில் கல் தேடிக்கொண்டிருந்தாள்.

யுத்தம் முடிந்து, போன வருஷம் ஐப்பசியில், பர்மாவிலிருந்து திரும்பிய பூலாம்பாடிக்காரர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். நடந்து வரும் வழியில் அந்தோணிசாமி வாந்திபேதியில் இறந்ததையும், தானே குழி தோண்டியதையும், பிறகு மேலே நடக்க முடியாமல் யுத்தம் முடியும்வரை பர்மாவிலேயே தங்கிவிட்டதையும் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. அவளோ ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சட்டை போட்டிருந்தார், கடைசியில் தண்ணீர் கேட்டாரா, யார் செபம் சொன்னது. அந்த வாரமே பட்டியலில் அவர் பெயரைத் தன் கையால் எழுதினாள். எழுதும்போது மை கொட்டிவிட்டது. வேறு தாள் எடுத்து, ஊரார் பெயர் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி எழுதினாள்.

இத்தனை செபமும் வீண்தானா என்று நான் கேட்டேன்.

“அவரைத் திருப்பி அனுப்புறேன்னு ஆண்டவர் எங்கிட்ட எப்பக்கா சொன்னாரு? கூட இருக்கேன்னுதான் சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு தனியா சாகலை. குழி தோண்ட ஆண்டவரு ஒருத்தரை வச்சிருந்தாரு. எனக்கு இது போதலை அக்கா. ஆனா அவரு பொய் சொன்னாருன்னு சொல்ல முடியலை.”

எனக்கு ஆறுதலுக்குப் பதில் கோபம்தான் வந்தது. சேர்ந்து காத்திருந்தவள் என்னைத் தனியே விட்டுப் போய்விட்டதாக நினைத்தேன். ஜனவரியில் அவள் பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போனாள். ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு நாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாள். மீன்சுருட்டிக்கு ஒரு பட்டாளத்துக்காரர் திரும்பி வந்திருக்கிறாராம், தாஸின் கம்பெனியில் இருந்தவராம். “வாங்க அக்கா, நானும் கூட வரேன். போய்க் கேட்டுட்டு வந்துருவோம்” என்றாள்.

“ஒன்னைப் போல நானும் அழணும்னு ஆசையா ஒனக்கு?” என்று கேட்டேன்.

அவள் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “போயிட்டு வரேன் அக்கா” என்று கிளம்பினாள். அதன் பிறகு இரண்டு கடிதம் எழுதினாள். நான் பதில் போடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், மழையில் அக்கா அலைய வேண்டாம், சொல்லி அனுப்பாதீர்கள் என்றாளாம். அடக்கத்தின்போது பெரம்பலூர் உபதேசியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நான்கு நாட்களாக யோசித்துப் பார்க்கிறேன். மீன்சுருட்டிக்காரர் வாயிலிருந்து என்ன வருமோ என்ற பயத்துக்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். லூர்தம்மாள் ஆண்டவரை நம்பினாள். அதனால் அவளால் கேட்க முடிந்தது. பதில் அவளை உடைத்தது, அழுதாள், மறுநாள் வகுப்புக்கும் வந்தாள். பூலாம்பாடிக்காரர் முன் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்ட அந்தக் குரலைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை பள்ளி அரை நாள். ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து மீன்சுருட்டிக்குப் போகப் போகிறேன். அந்த மனிதர் சொல்வதை முழுவதும் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன். தாஸின் அப்பாவிடம்கூட இதை நான் இன்னும் சொல்லவில்லை.